கணினி கேள்வி-பதில்: எந்த மெயில் மென்பொருள் நல்லது?

கேள்வி: ஐயா, விருதுநகரில் வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். என் கணினியில் விண்டோஸோடு வந்த மெயில் செயலியில்தான் இரண்டு ஜிமெயில் கணக்குகளையும் பார்த்து வந்தேன். அது நின்றுபோய், 'புதிய அவுட்லுக்' என்று ஒன்று தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அலுவலக டொமைன் பெயரில் இன்னொரு முகவரி உண்டு. அது உதவியாளர் மேசையில் உள்ள கணினியில், பழைய அவுட்லுக்கில் இறங்குகிறது. அங்கே இறங்கிய மெயில் என் போனில் வருவதே இல்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க எந்த மென்பொருளுக்கு மாறலாம்? இலவசமாக இருந்தால் நல்லது.

பதில்: தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் மென்பொருளுக்கு மாறுங்கள். ஆனால் அதை நிறுவுவதற்கு முன்னால் போன் விஷயத்தைச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் புது மென்பொருளிலும் இதே தொல்லை தொடரும்.

உங்கள் அலுவலக மெயில் 'பாப்' முறையில் இறங்குகிறது. சர்வரில் வந்த மெயிலை எடுத்துக் கணினியில் வைத்துக்கொண்டு, சர்வரில் இருப்பதை அழித்துவிடும்படி யாரோ அமைத்திருக்கிறார்கள். போன் போய்த் தேடும்போது சர்வர் காலி. 'ஐமேப்' முறையில் மெயில் சர்வரிலேயே இருக்கும். கணினி, போன் எல்லாம் அதைத்தான் காட்டும். இது ஒன்றும் புதுச் சரக்கு அல்ல, மார்க் கிறிஸ்பின் என்பவர் 1986-இலேயே வடிவமைத்தது. இருந்தும் நான் வேலைக்குப் போகிற சிறு அலுவலகங்களில் பாப்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டொமைன் வாங்கிக் கொடுத்தவர்கள் கொஞ்சம்தான் இடம் தந்திருப்பார்கள், அது நிரம்பாமல் இருக்க அன்றைக்குச் செய்த ஏற்பாடு. ஆகவே முதலில் உங்கள் டொமைன்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஐமேப் உண்டா, எத்தனை ஜி.பி. இடம்?

ஐமேப் என்றால் பேக்கப் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. உதவியாளர் ஒரு மெயிலை அழித்தால் உங்கள் போனிலும் அது போய்விடும்.

இப்போது மென்பொருள். விண்டோஸ் மெயில் செயலிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதன் இடத்துக்கு வந்ததுதான் உங்கள் புதிய அவுட்லுக். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இலவசமாகப் பயன்படுத்தினால் மெயில் பட்டியலுக்கு நடுவே விளம்பரம் வரும், அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். எனக்கு ஒட்டாத விஷயம் வேறு. ஜிமெயிலையோ வேறு ஐமேப் கணக்கையோ அதில் சேர்த்தால், அந்த மெயில்களின் நகல் மைக்ரோசாஃப்டின் கிளவுடுக்கும் போகும். சேர்க்கும்போது அனுமதி கேட்கும், நாமும் படிக்காமல் 'ஓகே' தட்டுவோம். கட்சிக்காரர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் உங்கள் மெயிலில் கிடக்கும். அவை மூன்றாவது ஓர் இடத்தில் தங்க வேண்டிய அவசியம் என்ன? காசு கொடுத்து வாங்குகிற பழைய பாணி அவுட்லுக் அப்படிச் செய்யாது, நேராக உங்கள் சர்வரோடு பேசும். ஆபீஸ் சந்தா ஏற்கெனவே கட்டுகிறவர் என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஈஎம் கிளையன்ட் என்று நேர்த்தியான ஒன்று உண்டு. அதன் இலவசப் பதிப்பு சொந்தப் பயனுக்கு மட்டும், அதுவும் இரண்டு கணக்குகள்தான். உங்களுக்கு ஆகாது.

தண்டர்பேர்டின் 1.0 பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. மொசில்லா அறக்கட்டளையின் துணை நிறுவனம் ஒன்று நடத்துகிறது, நன்கொடையில் ஓடுகிறது. கணக்கு எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். 2023-இல் தோற்றத்தை மாற்றியபோது பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். மெயில் பட்டியலை வரிவரியாகக் காட்டும் பழைய முறைக்கு மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜிமெயிலைச் சேர்க்கும்போது கூகுளின் சொந்த லாகின் பக்கம் திறக்கும், அங்கே அனுமதி கொடுத்தால் போதும். வெறும் பெயரும் வழக்கமான கூகுள் பாஸ்வேர்டும் வாங்கிக்கொள்ளும் பழைய மென்பொருள்களைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்குள் 2022 மே இறுதியிலிருந்து கூகுள் அனுமதிப்பதில்லை. மைக்ரோசாஃப்டின் பழைய விண்டோஸ் லைவ் மெயிலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு இதுவே பதில்.

சேர்த்து முடித்ததும் டிஸ்க் மளமளவென்று நிரம்புகிறதா? ஜிமெயிலில் 'ஆல் மெயில்' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. இன்பாக்ஸில் உள்ளதும் அனுப்பியதும் அதிலும் ஒரு முறை இறங்கும். அக்கவுன்ட் செட்டிங்ஸில் 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பக்கத்தில், அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தி, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் டிக்கை எடுத்துவிடுங்கள். மற்றவை கணினியில் இருக்கட்டும், நெட் போன நேரத்தில் பழைய மெயிலைத் தேடக் கைகொடுக்கும்.

உதவியாளர் கணினியில் உள்ள பழைய மெயில்கள் பி.எஸ்.டி. என்ற ஃபைலுக்குள் இருக்கும். அவுட்லுக் இருக்கும் அதே கணினியில் தண்டர்பேர்டையும் நிறுவி, அங்கிருந்து இம்போர்ட் செய்யுங்கள். ஃபைலை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வந்து அவுட்லுக் இல்லாத கணினியில் முயன்றால் திறக்காது. இம்போர்ட் ஆனவை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதியில் வந்து நிற்கும். அவை அந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் தகவல் பக்கத்தைத் திறந்தால், தண்டர்பேர்ட் தன் மெயில்களையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் புரொஃபைல் ஃபோல்டர் எங்கே என்று காட்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்கில் நகலெடுத்தால் அதுதான் பேக்கப்.

இன்னொன்று: வழக்கமான அமைப்பில் தண்டர்பேர்ட் ஒவ்வொரு மெயில் ஃபோல்டரையும் ஒரே ஃபைலாக வைக்கும். முழு இன்பாக்ஸும் ஒரே ஃபைல். அதில் ஒரே ஓர் அட்டாச்மென்டில் வைரஸ் இருந்து, ஆன்டிவைரஸ் அந்த ஃபைலையே பூட்டி வைத்தால் இன்பாக்ஸ் மொத்தமும் மறைந்துவிடும். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில், இதனால் அழாத குறையாக ஒருவர் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் புரொஃபைல் ஃபோல்டரைச் சேர்த்துவிடுங்கள். அட்டாச்மென்டைத் திறக்கும்போது அது எப்படியும் சோதிக்கும்.

அப்புறம், மூன்று முகவரி ஒரே திரையில் இருக்கும்போது, எழுதும் சாளரத்தின் மேலே 'ஃப்ரம்' வரியைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நோட்டீஸுக்கான பதில் சொந்த ஜிமெயிலிலிருந்து போனால் நன்றாக இருக்காது.

கேள்வி: பிரவுசரிலேயே ஜிமெயில் பார்க்கிறேனே, தனி மென்பொருள் எதற்கு? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஒரே முகவரி, தடையில்லாத நெட் என்றால் எதற்கும் வேண்டாம்.

கேள்வி: 2001 வாக்கில் தமிழ் மடற்குழுக்களில் வந்த மடல்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தண்டர்பேர்டில் திறந்தால் தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்துகளும் நாணயக் குறிகளுமாகத் தெரிகிறது. மீட்க முடியுமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: முடியும், மடல் கெட்டுப்போகவில்லை. அவை திஸ்கியில் எழுதப்பட்டவை. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்கப் பயன்பட்ட முறை அது. அனுப்பிய மென்பொருளுக்குத் திஸ்கி தெரியாது. மேற்கத்திய எழுத்து என்று மடலின் தலைப்பகுதியில் குறித்து அனுப்பிவிட்டது, தண்டர்பேர்டும் அதை நம்புகிறது. இணைமதி போன்ற ஒரு திஸ்கி எழுத்துருவை நிறுவி, தண்டர்பேர்டின் எழுத்துரு அமைப்பில் 'லத்தீன்' என்பதற்கு அதைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் தமிழாகத் தெரியும். ஆங்கிலமும் கெடாது, கொஞ்சம் அசிங்கமாக இருக்கும்.

அதோடு நிறுத்தாதீர்கள். இன்றைய விசைப்பலகையில் தட்டித் தேடுவது யூனிகோடில். திஸ்கி மடல்களில் அது எதையும் பிடிக்காது. முக்கியமானவற்றை என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக மாற்றி வையுங்கள். மூல மடலை அழிக்க வேண்டாம். அந்த மடற்குழுக்கள் பலவும் இயங்கிய யாஹூ குழுமங்களை 2020-இல் மூடிவிட்டார்கள். அங்கே எழுதப்பட்டதில் உங்களைப் போன்றவர்களின் டிஸ்கில் மட்டுமே மிஞ்சியிருப்பது நிறைய.