அணுகுண்டுத் தூசிக்கு வீட்டில் எப்படி ஆயத்தமாக இருப்பது?

குண்டு தூரத்தில் விழுந்தாலும் காற்றோடு வரும் கதிரியக்கத் தூசியிலிருந்து தப்ப வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது சுவிஸில். 1963 சட்டத்துக்குப் பிறகு இங்கே கட்டிய பல மாடிவீடுகளில் நிலவறைக் காப்பறை உண்டு. எங்கள் கட்டடத்திலும் கனத்த கொங்கிரீட் கதவு, கையால் சுற்றிக் காற்றை இழுக்கும் இயந்திரம் எல்லாம் இருக்கிறது, சும்மா நாளில் அதற்குள் சைக்கிளும் அரிசி மூட்டையும்தான். அந்தக் கதவை முதன்முதல் தள்ளித் திறந்தபோது ஊரில் அப்பா வெட்டிய பங்கர், அதாவது பதுங்குகுழி, நினைவுக்கு வந்துவிட்டது. பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, வாசலை ‘ட’ வடிவில் வளைத்திருந்தார்.

அது பீரங்கி ஷெல்லுக்காக வெட்டியது, ஆனால் தூசிக்கும் தேவை அதே வளைவும் கனமும்தான். கதிர் நேராகத்தான் பாயும், வளைவில் பெரும்பகுதி நின்றுவிடும். அப்புறம் கனம். இறுக்கிய மண் ஏறக்குறைய 9 செ.மீ. இருந்தால் கதிர்வீச்சு பாதியாகும், கொங்கிரீட் என்றால் 6 செ.மீ. போதும். அடுத்த 9 செ.மீ. மண் அந்தப் பாதியையும் பாதியாக்கும், இப்படியே 90 செ.மீ. வந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். நிலவறை இல்லையென்றால் கூரைக்கும் வெளிச்சுவருக்கும் தள்ளி வீட்டின் நடு அறையைப் பிடியுங்கள், மாடிவீட்டில் நடுத்தளம். உறுதியான மேசையைச் சுற்றிப் புத்தகம், அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன் என்று கனமான எதையும் நெருக்கி அடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பொறுமை. வெடித்து ஒரு மணி நேரத்தில் இருக்கும் கதிர்வீச்சு 7 மணி நேரத்தில் பத்தில் ஒன்றாகும், இரண்டு நாளில் நூறில் ஒன்று, இரண்டு வாரத்தில் ஆயிரத்தில் ஒன்று. அதனால் முதல் இரண்டு நாள் யார் கூப்பிட்டாலும் வெளியே போகாதீர்கள், தயவுசெய்து. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் தண்ணீர், சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, பற்றரி வானொலி, மலசலத்துக்கு மூடி போட்ட வாளி, வழக்கமான மருந்துகள், இவ்வளவையும் இப்போதே ஒரு மூலையில் வைத்துவிடுங்கள்.

வெளியிலிருந்து யாராவது வந்தால் வாசலிலேயே உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டித் தள்ளி வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். தலைக்கு கண்டிஷனர் மட்டும் வேண்டாம், அது தூசியை முடியோடு ஒட்டவைத்துவிடும். அயடின் குளிசை கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியைக் காக்க மட்டும்தான். இங்கே அணுமின் நிலையத்திலிருந்து 50 கி.மீ.க்குள் இருக்கும் வீடுகளுக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் வெளியிலிருந்து பாயும் கதிரை அது தடுக்காது, அதை விழுங்கிவிட்டோம் என்று வெளியே கிளம்பக் கூடாது. இன்னொன்று, சின்ன அறையில் பலர் இருக்கும்போது டேப் ஒட்டி ஒரு ஓட்டையும் விடாமல் அடைத்துவிடாதீர்கள், மூச்சு முட்டும். எங்கள் பங்கரிலும் அப்பா ஒரு குழாயைச் சாய்த்து வைத்துத்தான் மண் போட்டார்.