20 லட்சம் ஆட்டம் போதுமா?

கேள்வி: எங்கள் திட்டத்துக்கு வாங்கவிருக்கும் காற்றாலை இறக்கையின் அயர்வுச் சோதனை (திரும்பத் திரும்ப வளைத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பது) அறிக்கையில், 20 லட்சம் முறை ஆட்டிப் பார்த்ததாக இருக்கிறது. 20 ஆண்டில் இறக்கை அதைவிடப் பல மடங்கு சுற்றுமே, இதை நம்பி ஒப்புதல் தரலாமா?

பதில்: நியாயமான சந்தேகம்தான். நிமிடத்துக்கு 15 சுற்று என்று வைத்தாலும், நிற்காமல் ஓடினால் 20 ஆண்டில் 15 கோடிச் சுற்றுக்கு மேல் போகும். ஒவ்வொரு சுற்றிலும் மேலேறும்போது ஒரு பக்கமும் கீழிறங்கும்போது மறுபக்கமுமாக இறக்கையை அதன் சொந்த எடையே வளைக்கிறது. அறிக்கையிலுள்ள எண்ணிக்கை இதில் ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்குதான்.

அந்தக் குறையைச் சுமையைக் கூட்டி ஈடுகட்டுகிறார்கள். கண்ணாடியிழைக் கலவையில், சேதம் சுமையின் ஏறக்குறைய 10-ஆம் அடுக்காக (சுமை கூடிய மடங்கைப் பத்து முறை பெருக்கிய அளவுக்கு) ஏறுவதாகக் கணக்கிடுவது வழக்கம். சுமையை 1.55 மடங்காக்கினால் ஓர் ஆட்டம் 80 ஆட்டத்தின் வேலையைச் செய்துவிடும். ஆகவே, எத்தனை ஆட்டம் என்பதைவிட எந்தச் சுமையில், எந்த அடுக்கை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதே கேள்வி. பசை இணைப்புகளுக்கும் அதே அடுக்கு பொருந்தும் என்று கண்ணை மூடி ஏற்காதீர்கள். விரிசல் தொடங்கும் இடங்களில் பின்விளிம்புப் பசையும் ஒன்று.

அடுத்து, இறக்கையின் எந்தப் பகுதி உண்மையில் சோதிக்கப்பட்டது? அடிப்பகுதியைச் சுவர்போன்ற தாங்கியில் பொருத்தி, மேலே ஆடும் எடை ஒன்றை வைத்து, இயல்பதிர்வெண்ணை ஒட்டி ஆட்டுவார்கள். ஊஞ்சலைத் தாளம் பார்த்துத் தள்ளுவது போலச் சிறு விசைக்கே பெரிய வீச்சு கிடைக்கும். ஆனால் அந்த அதிர்வு தன் போக்கில்தான் இறக்கையை வளைக்கும். கூடுதல் எடைகளைக் கட்டி அதைத் திருத்தினாலும், எல்லா இடத்திலும் இலக்குச் சுமை வந்து சேராது. எடைகளைப் பிடிக்கும் சேணங்களுக்கு அடியிலும் பக்கத்திலும் உள்ள பகுதி செயற்கையாக விறைத்துப்போவதால் அதைச் சோதித்ததாகக் கொள்ள முடியாது. 'தேறியது' என்ற முத்திரையைவிட, நீளவாக்கில் இலக்குச் சுமையும் கிடைத்த சுமையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்பட்ட படத்தையே நான் முதலில் தேடுவேன்.

நீள இறக்கைகள் மெதுவாகத்தான் ஆடும். நொடிக்கு அரை ஆட்டம் என்றால் 20 லட்சத்துக்கு இடைவிடாமல் 46 நாள். இறக்கையின் அகன்ற முகம் நோக்கியும் (தட்டைப்பக்கம்) அதன் விளிம்பு நோக்கியும் (விளிம்புப்பக்கம்) தனித்தனியே ஆட்டினால் இரு மடங்கு. தேதிகள் இதற்கு ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள்.

இறக்கைச் சோதனைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.இ.சி. 61400-23-இன்படி, முதலில் நிலைச்சுமைச் சோதனை (ஆட்டாமல் பெருஞ்சுமையில் வளைத்துப் பார்ப்பது), பிறகு அயர்வு, அதன்பின் மறுபடியும் நிலைச்சுமை. கடைசிச் சோதனை விடுபட்டிருந்தால் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். நடுவே விரிசலைச் சரிசெய்திருந்தால், அந்தத் திருத்தம் உற்பத்தி வரைபடத்திலும் ஏறியதா என்று எழுத்தில் கேளுங்கள்.

சோதிக்கப்பட்டது பெரும்பாலும் ஒரே ஒரு இறக்கை. உங்களுக்கு வரும் இறக்கைகளில் இழைச் சுருக்கமோ பசை இடைவெளியோ இருக்கிறதா என்பதை இந்த அறிக்கை சொல்லாது. அதற்கு, ஒவ்வொன்றின் தொடரெண்ணுக்கும் உரிய மீயொலிப் பரிசோதனைப் பதிவைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.