கொடி மாறுவது கடைசியில்தான், அம்மா

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் தெரிகிறது. படிவம் 4 படிக்கிற மகன், சதுரங்க வீரர் வெஸ்லி சோ மாதிரி அமெரிக்கா போய் அந்த நாட்டுக்கு ஆடப்போகிறேன் என்று புத்தகத்தை மூடிவிடுவானோ என்பது ஒன்று. அப்படி மாறினால் அடையாள அட்டை போய்விடுமோ என்பது இன்னொன்று. மாமனார், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு பல வருடம் அலைந்ததைப் பார்த்த வீட்டில் இந்த இரண்டாவது பயம் வரத்தான் செய்யும். அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

சதுரங்க வீரர் எந்த நாட்டுச் சம்மேளனத்தின் பெயரில் ஆடுகிறார் என்ற பதிவை உலகச் சதுரங்க அமைப்பான ஃபிடே வைத்திருக்கிறது. அந்தப் பதிவு மாறும்போது குடியுரிமை தானாக மாறிவிடாது. வெஸ்லி சோ பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்கச் சம்மேளனத்துக்கு மாறியது 2014இல். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 2021இல்தான். இடைப்பட்ட காலத்திலேயே 2016இல் பாக்கு நகரில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் அமெரிக்க அணியோடு தங்கம் வாங்கினார், 2017இல் அமெரிக்க சாம்பியனும் ஆனார். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பது உண்மை. வெளிநாட்டுக் குடியுரிமை கைக்கு வரும் நாளில் அதைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். உங்கள் மகனுக்கு அந்த நாள் ரொம்பத் தூரம்.

உங்கள் மகன், தம்பி என்றே சொல்கிறேன், சோவின் கதையை 2014இலிருந்து ஆரம்பிக்கிறான். அதற்கு முன்னால் நடந்ததுதான் அவனுக்கு வேண்டிய பகுதி. சோ பிறந்தது 1993இல், மணிலாவை ஒட்டிய கவித்தே மாகாணத்தில். 14 வயதில், சதுரங்கத்தின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர். 2012இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகருக்குப் போனபோது அவர் போனது கல்லூரி மாணவராக: வெப்ஸ்டர் பல்கலைக்கழகம், சதுரங்கத்துக்கான உபகாரச் சம்பளம், பயிற்சியாளராக சூசன் போல்கர். அந்த ஊரில் 2008இலிருந்து பெரிய சதுரங்க மன்றம் ஒன்று இயங்குகிறது. பெரிய போட்டிகள் வருகின்றன, கிராண்ட்மாஸ்டர்கள் பலர் அங்கேயே குடியிருக்கிறார்கள். முதலில் கிராண்ட்மாஸ்டர் பட்டம், பிறகு உபகாரச் சம்பளம், அதற்கும் இரண்டு வருடம் கழித்துத்தான் கொடி மாற்றம். தம்பி இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"அவரும் படிப்பை விட்டுவிட்டாரே" என்று அவன் கேட்பான். ஆமாம், 2014இல் விட்டார். அந்த அக்டோபரில்தான் லாஸ் வேகாஸ் போட்டி ஒன்றில் 1,00,000 டாலர் முதல் பரிசு வென்றிருந்தார். உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவராகவும் இருந்தார். உங்கள் மகன் அந்த நிலையில் வந்து நின்றால், பள்ளியை விட்டு விலகும் பாரத்தில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

அடுத்த வருடம் நடந்ததையும் அவன் படிக்கட்டும். 2015 அமெரிக்க சாம்பியன்ஷிப்பின் ஒன்பதாவது சுற்றில், ஆட்டம் தொடங்கிச் சில நகர்த்தல்களிலேயே நடுவர் சோவைத் தோற்றதாக அறிவித்துவிட்டார். காரணம், ஆட்டத்தின்போது ஒரு தாளில் தனக்குத்தானே தைரியம் சொல்லிக் குறிப்பு எழுதினார். அது விதிக்கு விரோதம். முன்பே எச்சரித்திருந்தார்கள். குடும்ப விஷயத்தில் அவர் மனம் கலங்கியிருந்த நேரம் அது என்று அப்போது செய்திகளில் வந்தது. அப்போது அவருக்கு 21 வயது. தனியாக ஒரு தேசத்துக்குப் போகிற பிள்ளைக்குத் திறமையோடு கூட வேறு என்னென்ன வேண்டும் என்பதை நான் சொல்வதைவிட இந்தச் சம்பவம் நன்றாகச் சொல்லும்.

குகேஷ் பெயரைச் சொல்லி உங்கள் அக்கம்பக்கத்தார் தைரியம் கொடுப்பதாக எழுதியிருந்தீர்கள். நம் சென்னைப் பிள்ளை, 18 வயதில் உலக சாம்பியன், பெருமைதான். பள்ளிக்கூடத்தை அவர் சின்ன வயதிலேயே நிறுத்தியதும் உண்மை. ஆனால் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர், அம்மா நுண்ணுயிரியல் நிபுணர். மகனோடு ஊர் ஊராகப் போக அப்பா தன் தொழிலை நிறுத்தினார், வீடு அம்மாவின் சம்பளத்தில் ஓடியது. உங்கள் வீட்டில் செம்பனை ஆலை ஓவர்டைமை நம்பித்தான் மாதம் கழிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஃபாபியானோ கருவானா கதையும் அப்படித்தான். மியாமியில் பிறந்து, இத்தாலிக்குப் பத்து வருடம் ஆடி, 2015இல் அமெரிக்காவுக்குத் திரும்பினார். அவர் சதுரங்கத்துக்காக மொத்தக் குடும்பமும் ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தது.

இப்போது தம்பியின் கணக்கு. பேராக் மாநிலத்துக்கு ஆடியிருக்கிறான், ஆட்டத்திறனை எண்ணில் சொல்லும் ஃபிடே ரேட்டிங் 1700ஐ ஒட்டி நிற்கிறது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததை வைத்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்றால் சாதாரண விஷயம் இல்லை. ஆனால் கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கும் மூன்று நார்மும் வேண்டும். நார்ம் என்பது, பட்டம் பெற்ற வலுவான வெளிநாட்டு வீரர்கள் கலந்துகொள்ளும் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் தரத்தில் ஆடிக் காட்டுவது. கோலாலம்பூர், பேங்காக் என்று போய்வரும் செலவு அதில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் 2300இல் ஃபிடே மாஸ்டர் என்று ஒரு பட்டம் உண்டு. அதற்கு நார்ம் தேவையில்லை. அவன் கண்ணை அங்கே வைக்கட்டும்.

சம்மேளனம் மாறும்போது புதிய சம்மேளனம் பழையதற்கு இழப்பீடு தர வேண்டிவரும், இல்லாவிட்டால் ஆட்டக்காரர் காத்திருக்க வேண்டும். 1700 ரேட்டிங்குக்கு எந்த நாடும் பையைத் திறக்காது. இதை அவனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், கோபப்படுவான். நான் சொல்லிக்கொள்கிறேன்.

அவனுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. 18 வயது நிறையும் ஆண்டின் முடிவுவரை, 2300க்குக் கீழே இருப்பவர்களுக்கு ரேட்டிங் இரட்டை வேகத்தில் ஏறும். இறங்குவதும் அப்படியே. ஆகவே இந்த இரண்டரை வருடம் அவனுக்கு முக்கியம். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு வருவதும் இதற்குள்தான், அதை மறக்கவில்லை.

எஸ்பிஎம் ஏன் வேண்டும்? அமெரிக்காவில் டாலஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், வெப்ஸ்டர், செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் போன்றவை சதுரங்கத்துக்கு உபகாரச் சம்பளம் தருகின்றன. கொடுப்பது பல்கலைக்கழகம் என்பதால் மதிப்பெண்ணும் ஆங்கிலமும் பார்த்துத்தான் இடம் தருவார்கள். அங்கே கிடைக்காவிட்டாலும் நம் அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து விழுக்காடு இருக்கிறது. மாவட்டம், மாநிலம், எம்எஸ்எஸ்எம் என்ற பள்ளி விளையாட்டு மன்றத்தின் தேசிய அளவு என்று ஆடிய சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அவை நடுவீட்டுச் சுவரில் மாட்டியபடியே பழுத்துப்போகின்றன.

நான் தம்பிக்குக் காட்ட விரும்பும் ஆள் பக்கத்து நாட்டில் இருக்கிறார். சிங்கப்பூரின் கெவின் கோ. நிதித்துறையில் வேலை பார்த்துக்கொண்டே ஆடி, முப்பத்தைந்து வயதைத் தாண்டி 2020இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். யூடியூபில் வெஸ்லி சோ அளவுக்குப் பளபளப்பு இருக்காது, தம்பிக்கு முதலில் பிடிக்காது. பரவாயில்லை.

சதுரங்கத்திலேயே பிழைப்பு வேண்டும் என்றால் நடுவர், பயிற்சியாளர் என்று ஃபிடே அங்கீகரிக்கும் தகுதிகள் உண்டு. எஸ்பிஎம் முடித்தபின் நடுவர் பயிற்சிக்குப் போகலாம். வார இறுதியில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த போட்டிக்கு பஸ் காசாவது தேறும்.

இப்போதைக்கு, வருட இறுதிப் பள்ளி விடுமுறையில் ஃபிடே ரேட்டிங் உள்ள ஒரு போட்டிக்கு மட்டும் பணம் எடுத்து வையுங்கள். நீண்ட நேர ஆட்டமாக இருக்கட்டும், கைப்பேசியில் ஆடும் மூன்று நிமிட ஆட்டம் இதற்கு உதவாது. ஒவ்வொரு ஆட்டத்தின் நகர்த்தல்களையும் எழுதும் ஸ்கோர்ஷீட்டை பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். போட்டி முடிந்ததும் அவற்றையும் படிவம் 4 தேர்வு முடிவையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் வாருங்கள். அப்பாவுக்கு ஷிப்ட் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், ஞாயிறு என்றாலும் சரி.