மெயின்ஃப்ரேம் டீமில் போட்டுவிட்டார்களா? முதலில் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்

அம்மா, நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு நிதானமாகப் பதில் எழுதுகிறேன். "ஈசிஇ படித்த என் பையனைக் கொண்டுபோய் மெயின்ஃப்ரேமில் தள்ளிவிட்டார்கள். அது அந்தக் காலத்து மிஷினாமே, சீக்கிரம் மூட்டை கட்டிவிடுவார்களாமே" என்றீர்கள். உங்கள் அண்ணன் மகன் சொன்னதாகவும் சொன்னீர்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை. மெயின்ஃப்ரேம் என்பது வங்கி போன்ற இடங்களின் கணக்கு வேலைகளைச் செய்யும் பெரிய கம்ப்யூட்டர். ஐபிஎம் கம்பெனி தன் சிஸ்டம் 360 என்ற மெயின்ஃப்ரேமை அறிவித்தது 1964 ஏப்ரலில். அந்த வம்சம்தான் இன்றும் ஓடுகிறது. ஆனால் மிஷின் பழையதில்லை. இசட்17 என்ற மாடல் 2025-இல்தான் வந்தது. பெயரிலுள்ள இசட் என்ற எழுத்தே 'ஜீரோ டவுன்டைம்' என்பதிலிருந்து எடுத்தது, அதாவது நிற்கவே கூடாது. வெளிநாட்டு வங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் இதை விடாமல் வைத்திருக்க அதுதான் காரணம். அவற்றைப் பராமரிக்கும் வேலையில் ஒரு பங்கு சென்னைக்கு வருகிறது.

பையனிடம் நீங்கள் கேட்க வேண்டியது, எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள் என்பதை. கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம்களைத் திருத்தும் அப்ளிகேஷன் பக்கம் ஒன்று. திரையைப் பார்த்துக்கொண்டே ஜாப், அதாவது மிஷினுக்குக் கொடுத்த வேலை, முடிந்ததா என்று கவனிக்கும் ஆபரேஷன்ஸ் பக்கம் ஒன்று. மிஷினையும் அதன் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்ஸ் பக்கம் மூன்றாவது. 'இன்ஃப்ரா, நெட்வொர்க்' என்று ஆஃபர் லெட்டரில் பார்த்ததாகச் சொன்னீர்கள். அப்படியானால் மூன்றாவதுக்குப் போக வழி இருக்கிறது. ஈசிஇ படித்தவனுக்கு இதுதான் பொருந்தும் என்பது என் கருத்து.

ஏன் என்று ஒரு காட்சி சொல்கிறேன். இரவு இரண்டு மணி. மிஷினை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் ஓஎஸ்ஏ கார்டு ஒன்று பழுதாகிறது. சாதாரண சர்வர் என்றால் போன் அடிக்கும், ஆள் ஓடுவான். இங்கே அதே நெட்வொர்க்கில் இன்னொரு கார்டு இருந்தால், பழுதான கார்டின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணை) அது தன்பேரில் எடுத்துக்கொண்டு, "இனிமேல் இந்த முகவரிக்கு என்னிடம் வா" என்று நெட்வொர்க்குக்கு அறிவிக்கிறது. ஏடிஎம்மில் பணம் எடுப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதற்குள் எச்எம்சி என்ற கண்காணிப்புத் திரையில் செய்தி வந்துவிடும். 'கால் ஹோம்' வசதி போட்டிருந்தால் மிஷினே ஐபிஎம்முக்குத் தகவல் அனுப்பி, புகாரையும் பதிந்துவிடும். வங்கி ஆள் எழுந்து பார்ப்பதற்குள் மாற்றுக் கார்டுக்கு ஏற்பாடு தொடங்கியிருக்கும். பெரும்பாலும் மிஷினை நிறுத்தாமலே கார்டை மாற்றுவார்கள்.

கணக்குப் போடும் சிப்பில் உள்ள பிராசசர் கோர் ஒன்று போனாலும் கிட்டத்தட்ட இதே கதை. முதலில் அதே கட்டளையைத் திரும்ப முயன்று பார்க்கும். ஆகவில்லையென்றால், அந்தக் கோர் செய்துகொண்டிருந்த வேலையை உள்ளேயே ரிசர்வில் இருக்கும் வேறொரு கோர் தொடர்ந்து செய்யும். இதையெல்லாம் சேர்த்து ஆர்ஏஎஸ் என்பார்கள்: நம்பகம், கிடைக்கும் தன்மை, பழுது பார்க்க எளிமை. இந்த மூன்றாவதை நம் காலேஜில் யாரும் சொல்லித்தருவதில்லை. பொருள் பழுதானபிறகு என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசித்து வடிவமைப்பது ஒரு தனிக் கலை. அதைப் பழகியவன் பிறகு கிளவுடுக்குப் போனாலும் கை ஓங்கியிருக்கும்.

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். நைட் ஷிஃப்ட் இருக்கும். வேலை தரும் கம்பெனிகள் குறைவு, அதனால் மாறுவது ஜாவா ஆளுக்குப் போலச் சுலபமில்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டினால் பையன் அங்கேயே மாட்டிக்கொள்வான். என்னிடம் முன்பு வந்த ஒரு பெண் அப்படித்தான் ஆபரேஷன்ஸிலேயே நான்கு வருஷம் கிடந்தாள்.

அதனால் இப்போதே செய்ய வேண்டியது: டிசிபி ஐபி, சப்நெட், விலான், ஓஎஸ்பிஎஃப் என்ற நெட்வொர்க் பாடங்களை ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள். மெயின்ஃப்ரேமிலும் இவையேதான். மெயின்ஃப்ரேமின் ஆபரேட்டிங் சிஸ்டமான இசட் ஓஎஸ்ஸில் எடுத்த பேக்கெட் டிரேஸை (நெட்வொர்க்கில் போய்வரும் தகவலின் பதிவை) வயர்ஷார்க் என்ற சாஃப்ட்வேரில் திறந்து பார்க்க வழி உண்டு. அதை ஒருமுறை செய்துபார்த்தால் பயம் போய்விடும். ஐபிஎம்மின் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற இலவசப் பயிற்சியில் உண்மையான இசட் ஓஎஸ்ஸிலேயே கை வைக்கலாம். வீட்டு லேப்டாப் போதும்.

ஒரு சின்ன விஷயம், புதிதாகச் சேர்ந்தவர்கள் வழுக்கும் இடம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணாகத்தான் வைத்திருக்கும். ஆங்கிலப் பெரிய 'ஏ' என்ற எழுத்து நம் லேப்டாப்பில் 65, மெயின்ஃப்ரேமில் 193. ஃபைல் அனுப்பும்போது டெக்ஸ்டா, பைனரியா என்பதைத் தவறாகக் கொடுத்தால் மறுபக்கம் வெறும் குப்பையாகத்தான் தெரியும். முதல் வாரத்திலேயே இதைச் செய்து திட்டு வாங்கினால் கவலைப்பட வேண்டாம், எல்லாரும் வாங்கியதுதான்.

ஆறு மாதம் கழித்து மேனேஜரிடம் பையன் நேராகக் கேட்கட்டும்: "என்னை நெட்வொர்க் மாற்றங்கள் செய்யும் வார இறுதி வேலைகளில் சேர்த்துக்கொள்ள முடியுமா?" என்று. அங்கேதான் சீனியர்கள் இருப்பார்கள், கற்றுக்கொள்வதும் அங்கேதான். சேர்த்துக்கொள்ளவே இல்லை, ஜாப் பார்ப்பதையே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள். அப்போது வேறு கம்பெனி தேடுவதைப் பற்றிப் பேசுவோம். அதுவரை உங்கள் அண்ணன் மகனிடம் மேலும் விசாரிக்க வேண்டாம்.