டி சாவைக் காட்டிக்கொடுத்தவர்கள் யார்?

கேள்வி: இலங்கையில் போர்த்துக்கேய ஆளுநராக இருந்த பிரபு கொன்ஸ்தந்தீனு டி சா டி நொரோஞ்ஞா, தம்மிடம் சேவகம் செய்த சிங்கள முதலியார்களின் (உள்ளூர்ப் படைத்தலைவர்களின்) துரோகத்தால் மாண்ட மாவீரர் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதானா?

பதில்: அவர் களத்தில் நின்று மாண்டார் என்பதை நான் மறுக்கவில்லை, ‘துரோகம்’ என்ற சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை. அந்தச் சித்திரத்துக்கு வலுவூட்டியவர் அவருடைய சொந்த மகன். தந்தையின் புகழைக் காக்க அவர் எழுதிய நூல் 1681இல் லிஸ்பனில் அச்சேறியது. மகனின் பாசத்தை மதிக்கலாம்; அதையே வரலாறாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

டி சா 1618இல் பதவியேற்றார். மறு ஆண்டே அவர் அனுப்பிய பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்ற, அதன் அரசன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே டி சா கோட்டை எழுப்பினார். இன்றும் அக்கோட்டை வாயிலில் மீன் சின்னத்தோடு தேய்ந்துபோன தமிழெழுத்துகளைக் காணலாம். “முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே” என்று, குளக்கோட்டன் என்ற பழைய மன்னனின் கோயில் திருப்பணியைப் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், குலைப்பதைச் சொல்லி மக்கள் வாயில் வழங்கும் பாட்டின் சிதைந்த துண்டு அது.

கண்டியரசன் செனரத் 1617இலேயே போர்த்துக்கேயரோடு சமாதானம் செய்துகொண்டிருந்தான். அப்படியிருந்தும் திருகோணமலையிலும், 1628இல் மட்டக்களப்பிலும் கோட்டை கட்டி, கண்டி மலைநாட்டுக்கு மிஞ்சியிருந்த கிழக்குத் துறைகளை அடைத்தவர் டி சா. சமாதானத்தைக் குலைத்தவர் எவர் என்று கேட்டால், நான் அவரையே சுட்டுவேன்.

1630 ஆகஸ்டில் கண்டியரசின் ஊவாப் பகுதிக்குள் புகுந்து பதுளையை எரித்துவிட்டுத் திரும்பிய அவரது படையை ரந்தெனிவெலவில் கண்டிப்படை வளைத்துக்கொண்டது. போர்த்துக்கேயர் சில நூறு பேர்தாம்; படையின் பெரும்பகுதி லஸ்கரீன்கள் எனப்பட்ட உள்ளூர்ப் படைவீரர்கள். தொன் கொஸ்மோ என்ற முதலியார் ஒரு போர்த்துக்கேயனின் தலையை வெட்டி ஈட்டி முனையில் உயர்த்திக் காட்டினார் என்றும், அந்த அடையாளத்தைக் கண்டதும் லஸ்கரீன்கள் கண்டியின் பக்கம் சேர்ந்தனர் என்றும் சொல்வார்கள். படை அழிந்தது, டி சாவும் அங்கேயே விழுந்தார்.

அந்த முதலியார்கள் ஞானஸ்நானப் பெயர் தாங்கியவர்கள், கொழும்பில் மரியாதையோடு வாழ்ந்தவர்கள். ஆனால் பதுளையில் எரிந்தது அவர்களுடைய மொழி பேசிய மக்களின் ஊர். கட்டுரையாளரிடமே கேளுங்கள்: கடல் கடந்து வந்த பிரபுவைக் கைவிட்டது துரோகம் என்றால், அவரோடு சேர்ந்து அந்த ஊருக்குத் தீ வைத்ததற்குக் கட்டுரையாளர் என்ன பெயர் வைத்திருக்கிறார்?