குறைந்த விலை கேட்டும் வேலை கிடைக்காதது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சிறு அளவில் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறேன். நகராட்சி ஒன்று சமுதாயக் கூடத்தின் கூரையைப் புதுப்பிக்க டெண்டர் கோரியது. நான் 20 லட்சம் ரேண்ட் குறிப்பிட்டேன். வேலை 21 லட்சம் கேட்டவருக்குப் போய்விட்டது. எனக்கு 90 புள்ளிகள், அவருக்கு 94 என்று மட்டும் கடிதத்தில் இருக்கிறது. குறைந்த விலைக்கு மதிப்பில்லை என்றால் டெண்டர் எதற்கு?

பதில்: உங்கள் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. குவான்டிட்டி சர்வேயராக, அதாவது கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவராக, பணியாற்றிய ஆண்டுகளில் இதே கேள்வியோடு என் மேசைக்கு முன் வந்து நின்றவர்கள் பலர். உங்கள் விலைக்கு மதிப்பு இருந்தது. மொத்தம் 100 புள்ளிகளில் விலைக்குரிய 80 புள்ளிகளும் அதற்கு முழுமையாகக் கிடைத்திருக்கின்றன. நீங்கள் தோற்றது மீதி 20 புள்ளிகளில்தான்.

நம் தென்னாப்பிரிக்க நாட்டு அரசியலமைப்பின் 217-ஆம் பிரிவு, பொதுப் பணத்தில் நடக்கும் கொள்முதல் நியாயமாகவும், சமத்துவமாகவும், வெளிப்படையாகவும், போட்டிக்கு இடம் தருவதாகவும், செலவுச் சிக்கனமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவு இடம் கொடுத்தபடி 2000-ஆம் ஆண்டில் வந்த முன்னுரிமைக் கொள்முதல் சட்டம்தான் புள்ளிக் கணக்கை வகுத்தது. இப்போதைய விதிகளின்படி 5 கோடி ரேண்ட் வரையிலான வேலைகளில் விலைக்கு 80 புள்ளிகளும் குறிப்பிட்ட சமூக இலக்குகளுக்கு (இனம், பாலினம், உடல் ஊனம் காரணமாக முன்பு ஒதுக்கப்பட்டவர்களுக்கு வாய்ப்பளிப்பது போன்றவை) 20 புள்ளிகளும், அதற்கு மேற்பட்ட வேலைகளில் விலைக்கு 90-உம் இலக்குகளுக்கு 10-உம் உண்டு. மிகக் குறைந்த விலைக்கு 80 முழுமையாகக் கிடைக்கும். மற்றவர் விலை அதைவிட எத்தனை விழுக்காடு கூடுதலோ, 80-இல் அத்தனை விழுக்காடு குறையும். போட்டியாளர் உங்களைவிட 5 விழுக்காடு அதிகம் கேட்டதால் 4 புள்ளிகளை இழந்து 76 பெற்றார். ஆனால் இலக்குகளில் அவர் 18 பெற்றிருக்கிறார், நீங்கள் 10 பெற்றிருக்கிறீர்கள். ஒரு லட்சம் ரேண்ட் விலைக்குறைப்பு உங்களுக்குத் தேடித் தந்தது 4 புள்ளிகள். இலக்குகளில் நீங்கள் விட்டது 8.

2023 ஜனவரி 16 முதல் நடப்பிலுள்ள விதிகளின் கீழ், எந்த இலக்குக்கு எத்தனை புள்ளி என்பதை ஒவ்வோர் அலுவலகமும் தன் டெண்டர் ஆவணத்திலேயே அறிவிக்க வேண்டும். எதற்கு எந்தச் சான்று இணைக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். சான்றை இணைக்காவிட்டால் டெண்டர் தள்ளப்படாது. அந்தப் புள்ளிகளை நீங்கள் கோரவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். தகுதி இருந்தும் ஒரு தாளை மறந்ததால் வேலையை இழந்தவர்களை நான் அறிவேன். ஆகவே முதலில் உங்கள் பிரதியை எடுத்து, கோரிய இலக்குகளையும் இணைத்த சான்றுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

புள்ளிக் கணக்குக்கு முன்பே சில வாசல்கள் உண்டு; அவற்றை நீங்கள் கடந்துவிட்டீர்கள் என்றாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியத்தில் 1 முதல் 9 வரை தரநிலைகள் இருக்கின்றன. 2-ஆம் தரத்தவர் 10 லட்சம் ரேண்ட் வரையிலும் 3-ஆம் தரத்தவர் 30 லட்சம் வரையிலும்தான் டெண்டர் போடலாம். மத்திய வழங்குநர் தரவுத்தளத்தில் பதிவு வேண்டும், வருமான வரிக் கணக்கு சீராக இருக்க வேண்டும். நகராட்சிக்குச் செலுத்த வேண்டிய வீட்டு வரியோ தண்ணீர்க் கட்டணமோ மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி நின்றால், அதைக் காட்டியே உங்கள் டெண்டரைத் தள்ளிவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. லட்சக்கணக்கான வேலையைச் சில நூறு ரேண்ட் பாக்கிக்காக இழப்பதைப் போன்ற வேதனை வேறில்லை.

அடுத்து என்ன செய்யலாம்? இலக்குவாரியான புள்ளி விவரத்தை எழுத்தில் கேளுங்கள். கணக்கில் பிழை இருப்பதாகத் தெரிந்தால், முடிவு வந்த 14 நாட்களுக்குள் நகராட்சியிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கவுன்சிலரைப் பார்த்துப் பேசுமாறு யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டெண்டர்க் குழுக்களில் கவுன்சிலர்கள் உட்காரவே சட்டம் தடை செய்திருக்கிறது.

கேள்வி: டோங்காட் பகுதியில் எனக்குத் தெரிந்த ஒப்பந்ததாரர் ஒருவர், "இந்த முறை என்னைவிட விலையைக் கூட்டிப் போடுங்கள் அண்ணே, அடுத்த வேலையில் நான் உங்களுக்காகக் கூட்டிப் போடுகிறேன்" என்கிறார். நட்புக்காகச் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. இது 1998-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் நேரடியாகத் தடை செய்யும் குற்றம். யாருக்கும் நட்டம் வரவில்லை என்ற வாதம் அங்கே எடுபடாது. 2013-இல் நாட்டின் 15 பெரிய கட்டுமான நிறுவனங்கள் இத்தகைய கூட்டுச் சதிகளை ஒப்புக்கொண்டு, மொத்தம் 146 கோடி ரேண்ட் அபராதம் செலுத்த இணங்கின. 2010 கால்பந்து உலகக் கோப்பைக்காகக் கட்டிய மைதானங்களும் அந்த வழக்கில் அடக்கம். 2016 மே முதல் தேதியிலிருந்து இயக்குநர்கள் தனிப்பட்ட முறையில் 10 ஆண்டு வரை சிறை செல்லவும் நேரலாம். மேலும், விலையைத் தனியாகத் தீர்மானித்தேன் என்று டெண்டருடன் நீங்கள் கையொப்பமிடும் உறுதிமொழியும் பொய்யாகிவிடும். இருவரும் சேர்ந்து வேலை செய்ய விரும்பினால், கூட்டு நிறுவனமாக வெளிப்படையாக ஒரே டெண்டர் போடுங்கள்.

கேள்வி: வெருலம் அருகே எங்கள் கோயிலுக்கு மண்டபம் கட்ட மூவரிடம் விலைப்புள்ளி வாங்கினோம். ஒருவர் 34 லட்சம், ஒருவர் 32 லட்சம், மூன்றாமவர் 23 லட்சம் ரேண்ட். கோயில் பணத்தை மிச்சப்படுத்த 23 லட்சத்தை ஏற்கலாமா?

பதில்: இருவர் விலை நெருங்கியிருக்க ஒருவர் மட்டும் இவ்வளவு தாழ்ந்திருந்தால், அவர் வேறொரு மண்டபத்துக்கு விலை சொல்லியிருக்கிறார் என்றே முதலில் ஐயப்பட வேண்டும். மூவரிடமும் வரைபடத்தை மட்டும் காட்டி மொத்த விலை கேட்டிருந்தால், அடித்தளத்தின் ஆழம், எஃகின் எடை, ஓட்டின் தரம், 15 விழுக்காடு வாட் வரி ஆகியவற்றை ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு குவான்டிட்டி சர்வேயரைக் கொண்டு, எந்த வேலை, எந்தப் பொருள் எவ்வளவு என்று காட்டும் அளவுப் பட்டியல் தயாரித்து, மூவரும் அதே பட்டியலில் விலை நிரப்பும்படி கேளுங்கள். உறையை ஒரே நாளில் கமிட்டி முன்னிலையில் பிரியுங்கள். விலை கேட்டவர்களில் கமிட்டி உறுப்பினரின் உறவினர் யாராவது இருந்தால், அந்த உறுப்பினர் அன்று அறையை விட்டு வெளியே இருப்பதே அவருக்கும் மரியாதை. கோபுரம், சிலை போன்ற ஸ்தபதி வேலையை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அதை விலையால் ஒப்பிட முடியாது, தனி ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

முன்பணத்தை அள்ளிக் கொடுத்துவிடாமல், முடிந்த வேலைக்குச் சான்று பெற்றுப் பணம் கொடுங்கள். ஒவ்வொரு முறை கொடுக்கும் தொகையிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, குறைகளைச் சரிசெய்த பின் விடுவியுங்கள். கும்பாபிஷேகத் தேதிக்கும் ஒப்பந்தத்தில் எழுதும் முடிவுத் தேதிக்கும் இடையே சில வாரங்களாவது விட்டுவையுங்கள். அழைப்பிதழ் அச்சான பிறகு கூடுதல் பணம் கேட்டு வேலையை நிறுத்தும் கட்டுநரிடம் கமிட்டியால் எதுவும் பேச முடியாது.