நாகர்கோவில் புழுக்கத்துக்குப் பெர்சியன் பூனை தாங்குமா? கோடையில் முடியை மொட்டையடித்துவிடலாமா?

தாங்கும். மொட்டை வேண்டாம்.

வெயிலை நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். நம் மாவட்டத்தில் இந்தப் பூனைக்கு வெயிலைவிடப் பெரிய பகை ஈரம். ஆனி, ஆடிச் சாரல் ஒரு பக்கம், ஐப்பசி, கார்த்திகை மழை இன்னொரு பக்கம், நடுவில் கடல்காற்றின் பிசுபிசுப்பு. பெர்சியனுக்கு முடி இரண்டு அடுக்கு: மேலே நீளமானது, அடியில் பஞ்சு போன்றது. அந்தப் பஞ்சில் ஈரம் தங்கினால் சிக்கு விழும், சிக்கு சடையாகும், சடைக்கடியில் தோல் வெந்து பூஞ்சை பிடிக்கும். விற்பவர்கள் 'ட்ரிபிள் கோட்' என்று சொல்லிக் கூடுதலாக விலை கேட்பார்கள். பெர்சியனில் மூன்றாவது அடுக்கு என்று ஒன்று கிடையாது. அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

தினமும் 15 நிமிடம் சீவ வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து சீவுவது இதற்கு ஈடாகாது. ஒரு பாதி அகலப் பல்லும் மறு பாதி நெருக்கப் பல்லும் உள்ள ஸ்டீல் சீப்பு ஒன்று போதும். முதுகைத் தொடுவதற்கு முன் அக்குள், காதுக்குப் பின்புறம், வயிறு, பின்தொடை. சிக்கு தொடங்குவது இந்த நான்கு இடங்களில்தான். மேல்முடியை மட்டும் வருடிவிட்டால் வெளியே பளபளக்கும், அடியில் கம்பளி மாதிரிக் கட்டிக்கொள்ளும். சிக்கு கண்டால் கொஞ்சம் சோளமாவு தூவி, வேர்ப்பக்கத்தை இரு விரலால் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரியுங்கள். சிக்கை எடுக்கக் கத்தரிக்கோல் வைக்கவே கூடாது. பூனையின் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து மேலே எழும்பி வரும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள்.

குளியல் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். சீவி முடித்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். நனைந்த சிக்கு இறுகிவிடும். துண்டால் ஒற்றிவிட்டு, டிரையரை மிதமான சூட்டில் ஒரு அடி தள்ளிப் பிடித்து, சீவிக்கொண்டே உலர்த்துங்கள். முக்கால் மணி நேரமாவது ஆகும். மேலே உலர்ந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. விரலை வேர் வரை விட்டுப் பாருங்கள். தோல் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. முடி மின்ன வேண்டும் என்று தேங்காயெண்ணெய் தடவுகிற வழக்கமும் வேண்டாம், அழுக்கும் தூசியும் அதில்தான் ஒட்டும்.

பூஞ்சை வந்தால் வட்டமாக முடி உதிரும், செதில் தெரியும். நம் உடம்பில் வரும் படர்தாமரையும் இந்த இனம்தான், பூனையிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒட்டும். மருத்துவர் தரும் மருந்தை அவர் சொன்ன வாரக்கணக்குக்குக் கொடுத்து முடியுங்கள். முடி முளைத்துவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.

"மொட்டையடித்தால் பூனை சுகமாக இருக்கிறதே" என்று சிலர் வாதாட வருவார்கள். உடம்பெல்லாம் சடை பிடித்த பூனையை மருத்துவர் மழிப்பது வேறு, அதை நான் குறை சொல்லவில்லை. சும்மா கோடைக்காக மழித்தால் மெல்லிய தோலில் வெயில் நேராகப் படும், பிளேடு கீறும், முடி பழையபடி வர மாதக்கணக்காகும். வயிற்றிலும் வாலடியிலும் மட்டும் குட்டையாக வெட்டிவிடுங்கள், மலம் ஒட்டாது. வெயில் நேரத்தில் தரை குளிர்ந்த அறை, ஃபேன், இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் இருந்தால் போதும். நாய் மாதிரி வாய் திறந்து இரைத்தால் அது ஆபத்து: பாதத்தையும் வயிற்றையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, காற்றுப் படவைத்து, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முகம் சப்பையான 'பஞ்ச் ஃபேஸ்' வகைக்கு மூச்சுப்பாதை குறுகல் என்பதால் இது சீக்கிரம் வரும். அதன் குறட்டையைப் படம்பிடித்துப் போட்டு ரசிக்கிறார்கள். அது மூச்சுக்குத் திணறும் சத்தம். நம் ஊருக்கு மூக்கு சற்று நீண்ட 'டால் ஃபேஸ்' வகையே நல்லது. எந்த வகையானாலும் கண்ணோரக் கசிவைத் தினம் இருமுறை, கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள்.

அடுத்து மீன். குளச்சல், முட்டம் பக்கத்து ஆட்கள் கோபிக்கக் கூடாது. சாளையும் சூரையும் மட்டுமே நாள்தோறும் போட்டு வளர்த்தால், அந்தக் கொழுப்புக்கு ஈடான வைட்டமின் இ கிடைக்காமல் பூனையின் உடல்கொழுப்பு வீங்கி, தொட்டாலே வலிக்கும். பச்சையாகக் கொடுத்தால் சாளை, நெத்தோலி போன்றவற்றில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். பூனை தள்ளாடும், தலை தொங்கும். பூனைத் தீனியை அடிப்படையாக வைத்து, வேகவைத்து முள் நீக்கிய மீனை வாரம் இரண்டு நாள் கொடுங்கள். மீன்குழம்பு கூடாது, உள்ளியும் (வெங்காயம்) பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நாய்த்தீனியும் கூடாது, பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து போதாமல் இதயமும் கண்ணும் கெடும்.

நாய்க்கு விற்கிற உண்ணி மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. அது பூனையைக் கொல்லும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். யார் எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெர்சியனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிற அதே கைகள், வீட்டுத் தாய்ப்பூனை போட்ட நாட்டுக் குட்டிகளைச் சாக்கில் கட்டி மீன்சந்தை ஓரம் விட்டுவிட்டு வருகின்றன. கருத்தடைக்கு ஒரு நாள் செலவழித்தால் போதும். மனசு ஆறவில்லை.

வாங்கும்போது 45 நாள் குட்டியை எடுக்காதீர்கள், 12 வாரம் தாயோடு இருக்கட்டும். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் போடுவது. 12 வாரத்தில் வெறிநாய்க்கடி ஊசி. தாய், தகப்பன் இரண்டுக்கும் சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கான மரபணுச் சோதனை செய்த தாளைக் கேளுங்கள். இந்த இனத்தில் பரவலாக உள்ள நோய் அது. ஒரு பக்கம் இருந்தாலே குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு வரும். தாள் இல்லையென்றால், குட்டிக்கு 10 மாதம் ஆனதும் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்.

மலத்தொட்டிக்குக் கடற்கரை மணல் அள்ளி வராதீர்கள், ஈர மணல் பாத முடியில் கட்டிக்கொள்ளும். பைன் மரத்துகளை அழுத்திச் செய்த உருண்டைகள் (பெல்லட்) அவ்வளவாக ஒட்டாது.